ஏறும்போது ஒரு மீனிங், இறங்கும்போது ஒரு மீனிங்

நான் அந்த அலுவலகத்தில் டீ போடும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். மீட்டிங் அறையில் நீல டை கட்டிய விருந்தாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரே மேனேஜர். நான் தட்டை நீட்டினேன். விருந்தாளி என்னைப் பார்த்துச் சிரித்து, "ஐ'ம் ஃபைன், தேங்க்யூ" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் 'ஃபைன்' என்றால் நல்லது என்று தெரியும். மனுஷர் வாய் திறந்து நல்லது என்கிறாரே என்று கோப்பை நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் கோப்பையை ஒரு விரலால் தள்ளினார். நான் விடுவேனா, மறுபடி அவர் பக்கமே நகர்த்தினேன். மேனேஜரின் புருவம் ஏறியது.

விருந்தாளியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த லிப்ட்காரர் கதவோரம் நின்றிருந்தார். அவர் மூன்றே எட்டில் மேஜைக்கு வந்து கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"இது நான் கேட்ட டீ சார். தங்கச்சி புதுசு, ஆள் மாத்தி வச்சிடுச்சு."

சொல்லிவிட்டு, நின்றபடியே மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டார். லிப்ட்காரனுக்கு மீட்டிங் அறையில் டீ கேட்கிறதா என்று மேனேஜர் பொரிந்தார். அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியது. அதை அவர் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஃபைன்னா நல்லா இருக்குன்னுதானேண்ணே அர்த்தம்?" என்றேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது.

"வாசல்ல வச்சுச் சொன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். டீத்தட்டுக்கு முன்னாடி சொன்னா வேண்டாம்னு அர்த்தம். நேரா வேண்டாம்னு சொல்ல மனசு வராதவங்க சொல்ற வார்த்தை அது. அழாத தங்கச்சி. வார்த்தையைப் பாக்காத, வார்த்தை நிக்கிற இடத்தைப் பாரு."

அன்றைக்கு நான் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். இந்த மனுஷருக்குத் தினமும் நாலு மணிக்கு என் கையால் ஒரு டீ. கடவுள் சாட்சியாக ஒரு நாளும் தவறவிடவில்லை. நாலு மணிக்கு லிப்ட் என் மாடியில் வந்து நிற்கும், நான் கோப்பையை நீட்டுவேன், அவர் குடித்து முடித்துக் கொடுப்பார். "எப்படிண்ணே இருக்கு?" என்பேன். "ஃபைன்" என்பார். இப்படியே ஒன்பது வருஷம்.

அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'மீனிங்'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. யார் எந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னாலும் "இதுக்கு என்ன மீனிங் சார்?" என்று கேட்டுக் கேட்டு வந்த பெயர் அது. ஆரம்பத்தில் கேட்டாராம். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். சொல்கிறவர்கள் சொன்ன மீனிங்கும் நடக்கிற காரியமும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று கண்டுகொண்டார்.

அந்த லிப்டில் எட்டுப் பேர் நிற்கலாம். மூலையில் ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் கிரீச்சென்று சுற்றும் ஒரு சின்ன மின்விசிறி. ஒன்பது மாடிக்கும் அதுதான் வழி. மேலே போகிறவர்கள் பேசிக்கொண்டே போவார்கள், காரியம் முடிந்து கீழே வரும்போதும் பேசிக்கொண்டே வருவார்கள். ஸ்டூலில் இருப்பவனுக்குக் காது உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. ஒரே வார்த்தையை ஏறும்போதும் கேட்டு, அது என்ன ஆயிற்று என்று இறங்கும்போது முகத்தையும் பார்க்கிற பாக்கியம் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஒரு பழைய டைரியில் நடுவே கோடு கிழித்து வைத்திருந்தார். இடது பக்கம் 'ஏறும்போது', வலது பக்கம் 'இறங்கும்போது'. இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பார். கூட்டமில்லாத நேரத்தில் எனக்குப் படித்துக் காட்டுவார்.

'ஜஸ்ட் எ மினிட்' என்ற வரிக்கு இப்படி இருந்தது: 'நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நேரம். இதுவரை அதிகபட்சம் பதினேழு நிமிஷம்.'

'நோ ப்ராப்ளம்: பிரச்சினை இருக்கிறது. சொல்பவருக்கு இல்லை.'

'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்பதை மேலே போகும்போது சொல்லிப் பழகிக்கொண்டு போவார்களாம். கீழே வரும்போது முகம் சிவந்திருக்குமாம். 'மரியாதை மேலேயே தங்கிவிட்டது' என்று எழுதியிருந்தார்.

'லைக் எ ஃபேமிலி: சனிக்கிழமையும் வரச் சொல்லப்போகிறார்கள்.'

எனக்கு மனதைத் தொட்ட வரி ஒன்று உண்டு. 'வீ வில் லெட் யூ நோ. வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது. ஏறும்போது தலை படிய வாரியிருக்கும். இறங்கும்போதும் சிரித்த முகம்தான். இதைக் கேட்டு இறங்கியவர்களில் ஒருவரைக்கூட நான் மறுபடி ஏற்றியதில்லை.'

"இங்கிலீஷ்காரங்க இவ்வளவு பொய் சொல்லுவாங்களாண்ணே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொய்யின்னு ஏன் சொல்ற? நம்மகிட்ட இல்லையா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துட்டு, 'போய்ட்டுச் சொல்லி அனுப்பறோம்'னு சொல்றானே, அதுக்கு என்ன மீனிங்?"

என் தங்கைக்கு அப்படி நாலு பேர் சொல்லி அனுப்பாமலே போயிருந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் பரீட்சை வந்தது. விருந்தாளிகள் கண்ணில் படுகிற கடைநிலை ஊழியர்கள் எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். லிப்ட், டீ, காவல், துப்புரவு என்று நாங்கள் பதினொரு பேர். எட்டு நாள் வகுப்பு, ஒன்பதாம் நாள் பரீட்சை. இருபதுக்குப் பத்து வாங்கினால் வேலை நிலைக்கும். வாங்காவிட்டால் என்ன என்று சுற்றறிக்கையில் இல்லை. "எழுதாம விட்டதைத்தான் செய்வாங்க" என்றார் மீனிங் அண்ணன்.

எனக்கு வேலை போனால் வேறு எங்காவது அடுப்புப் பற்ற வைப்பேன். அவருக்கு அப்படியில்லை. கட்டடத்தின் பின்பக்கம் ஒற்றை அறை ஒன்று உண்டு, லிப்ட் வேலையோடு சேர்ந்தது. அதில் அவரும் அண்ணியும் இருபத்திரண்டு வருஷமாக இருந்தார்கள். அண்ணிக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த அறைக்குள் அண்ணி நடப்பதைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கட்டிலிலிருந்து அடுப்புக்கு ஆறு எட்டு, அடுப்பிலிருந்து குழாய்க்கு நாலு, குழாயிலிருந்து வாசலுக்கு ஏழு. எண்ணிக்கொண்டே சமைப்பாள், துவைப்பாள், வாசலுக்கு வந்து என்னை வாசனையால் கண்டுபிடித்து, "டீத்தூள் அம்மா வந்தாச்சா?" என்பாள். வேலை போனால் அறை போகும். அறை போனால் அண்ணியின் கண் இரண்டாம் தடவை போகும். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

வகுப்பு எடுக்க ஒரு டீச்சரம்மா வந்தாள். என் மகள் வயது இருக்கும், நல்ல பெண். ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தாள். அதில் இங்கிலீஷ் வாக்கியமும் பக்கத்திலேயே தமிழ் அர்த்தமும் இருந்தன. நான் காலையில் அடுப்புப் பற்ற வைக்குமுன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பால் கொதிக்கும் வரை மனப்பாடம் செய்தேன். மீனிங் அண்ணன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னண்ணே?"

"'நோ ப்ராப்ளம்'னா 'பிரச்சினை இல்லை'ன்னு போட்டிருக்கான். அச்சடிக்கிறவன் ஒரு தடவையாவது லிப்ட்ல ஏறியிருக்கணும்."

"அண்ணே, கடவுள் புண்ணியத்துல புஸ்தகத்துல இருக்கறதையே எழுதிடுங்க. வம்பு வேண்டாம்."

"தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படி எழுதறது தங்கச்சி?"

அந்த வாரம் முழுக்க நான் அவருக்காகவும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். ஒரு காலையில் லிப்ட் என் மாடியில் நின்றபோது நான் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"யாருக்கு மனு?"

"உங்களுக்குத்தாண்ணே."

"என்ன சொல்றாரு மேல இருக்கறவரு? வீ வில் லெட் யூ நோவா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆண்டவனை லிப்ட்ல ஏத்தாதீங்கண்ணே."

"ஏத்தலை, ஏத்தலை. அவருக்கு எதுக்கு லிப்ட்?" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பரீட்சைக்கு முதல் நாள் மதியம் நான் அறைக்குப் போய் அண்ணியிடம் முறையிட்டேன். அண்ணி ஏழு எட்டு எண்ணி வாசலுக்கு வந்து, புருஷன் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டும் சத்தம் வரும் பக்கம் திரும்பினாள்.

"இந்தாங்க. நாளைக்கு நீங்க கேட்டதை எல்லாம் எழுதிக்கிட்டு இருக்காதீங்க. அவங்க கேக்கறதை மட்டும் எழுதுங்க."

அவர் பூட்ஸ் கயிற்றை இழுத்து முடிந்தார். பிறகு, "சரி. அவங்க கேக்கறது மட்டும்தான்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மீனிங் அண்ணன் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார்.

மாறவும் இல்லை. அதுதான் கஷ்டம்.

வினாத்தாளில் இருபது வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டத்தின் தலையில் 'பொருள்' என்று இருந்தது. இரண்டாவதன் தலையில், 'எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வார்கள்? நீங்கள் நேரில் கேட்ட உதாரணம் ஒன்று தருக' என்று இருந்தது.

நான் இரண்டாவது கட்டத்தைப் பார்த்ததும் வியர்த்துப்போய், இருபது வரிக்கும் 'அலுவலகத்தில் சொல்வார்கள்' என்று எழுதினேன். திரும்பிப் பார்த்தேன். மீனிங் அண்ணன் கூடுதல் தாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் அவரிடம் நீ என்ன கேட்டாய் என்று கேட்டிருக்கிறார்.

"என்னண்ணே செஞ்சீங்க?" என்றேன் வெளியே வந்ததும்.

"சொன்னபடிதான் செஞ்சேன். முதல் கட்டத்துல புஸ்தக மீனிங். ரெண்டாவது கட்டத்துல அவங்க கேட்டது. அவங்க கேட்டதே நான் கேட்டதைத்தான் தங்கச்சி!"

விடைத்தாளைத் திருத்தும்போது டீச்சரம்மா சிரித்த சிரிப்பு என் சமையல்கட்டு வரை கேட்டது. அவருக்கு இருபதுக்கு இருபது போட்டாள். எனக்குப் பதினொன்று. சிரித்ததோடு விட்டிருக்கலாம். பாவம், அந்தப் பெண் ஆர்வத்தில் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து ஒரு சிநேகிதிக்கு அனுப்பினாள். சிநேகிதி இரண்டாம் மாடியில் வேலை பார்ப்பவள். மதியத்துக்குள் படம் லிப்ட் இல்லாமலே ஒன்பது மாடியும் ஏறிவிட்டது.

நான் தட்டோடு போன அறைகளிலெல்லாம் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் மாடிக்காரர்கள் ஐந்தாம் மாடிக்காரர்களின் வரியைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவரவர் வரி வந்ததும் அவரவர் சிரிப்பு நின்றது. 'ஆன் த வே' என்பதற்கு, 'கணக்குப் பிரிவு அம்மா போனில் சொன்னது. அப்போது அவர்கள் கையில் சீப்பு இருந்தது' என்று எழுதியிருந்தார். 'ஐ டோட்டலி அக்ரீ' என்பதற்கு, 'ஏழாம் மாடி சார் ஏறும்போது ஒருவரிடமும், இறங்கும்போது அவருக்கு எதிரானவரிடமும் சொன்னார். நடுவில் நாற்பது நிமிஷம்' என்று இருந்தது.

கடைசி வாக்கியம் 'ஐ'ம் இன் எ மீட்டிங்'. அதற்கு எழுதியிருந்தது இது: 'மேனேஜர் சார் போனில் வீட்டம்மாவிடம் சொன்னது. அப்போது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் இருந்தோம். மீட்டிங்கில் அவரும் நானும் மட்டும். ஒருமனதாக எந்த முடிவும் எடுக்கவில்லை.'

அன்று மூன்று மணிக்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். அரை மணி கழித்து அண்ணன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"திட்டினாராண்ணே?"

"இல்ல. நாற்காலியில உக்காரச் சொன்னாரு. கை குடுத்தாரு. 'யூ ஆர் ஆன் அசெட் டு அஸ்'னு சொன்னாரு."

"அசெட்னா சொத்துன்னு புஸ்தகத்துல இருக்கு. நல்லதுதானேண்ணே?"

அவர் டைரியைத் திறக்கவேயில்லை. மனப்பாடமாகவே சொன்னார். "அசெட். இதுவரைக்கும் ஏழு பேர். ஏறும்போது கைகுலுக்கல். ஒரு மாசத்துக்குள்ள இறங்கும்போது கையில அட்டைப்பெட்டி. ஆறு பேர்."

"ஏழாவது ஆள் தப்பிச்சுட்டாரா?"

"அவரு படியில இறங்கினாரு. அன்னைக்கு லிப்ட் ரிப்பேர்."

அதிலிருந்து எட்டாம் நாள் கடிதம் வந்தது. இருபதுக்கு இருபது வாங்கிய ஒருவரை ஸ்டூலில் உட்கார வைத்திருப்பது அவர் தகுதிக்குக் குறைவு என்றும், அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துவதாகவும், மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும் அழகான இங்கிலீஷில் அடித்திருந்தார்கள். பரீட்சையில் தோற்ற நாலு பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர்களுக்கு மறுவாய்ப்புத் தரப்பட்டது. இன்றுவரை வேலையில் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாமல்.

கடிதத்தை எனக்குப் படித்துச் சொல்லிவிட்டு மடித்து வைத்தார். "இதுல மீனிங் தேட ஒண்ணுமில்ல. காலி பண்ணுன்னா காலி பண்ணத்தான். இந்த ஆபீஸ்ல கடுதாசி ஒண்ணுதான் பட்டுன்னு பேசுது."

நான் டீச்சரம்மா மேலும் மேனேஜர் மேலும் கோபப்பட்டேன், அப்புறம் கடவுள் மேலும் கொஞ்சம். கோபம் தீராமல் அண்ணியிடம் போய் அழுதேன். அண்ணி என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நான்தானம்மா சொன்னேன், அவங்க கேக்கறதை எழுதுங்கன்னு. அவங்க இப்படிக் கேப்பாங்கன்னு யாரு கண்டது?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "என்ன, மக வீடு மூணாவது மாடி. லிப்ட் கிடையாது. படியை எண்ணிப் பழகணும்" என்றாள்.

மாதக் கடைசி நாள். சாமான்களையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன வண்டி வாசலில் நின்றது. மீனிங் அண்ணன் கடைசி முறையாக ஒவ்வொரு மாடியிலும் லிப்டை நிறுத்தி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். "கீப் இன் டச்" என்றார்கள். "வீ வில் மிஸ் யூ" என்றார்கள். மேனேஜர் மறுபடி கை கொடுத்து, "எனி டைம் யூ நீட் எனிதிங்" என்று ஆரம்பித்தார், போன் அடித்தது, எடுத்து மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். பழக்கத்தில் அண்ணனின் கை சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குப் போயிற்று. எடுக்காமல் இறக்கிக்கொண்டார். அந்தப் பையில்தான் எப்போதும் ஒரு அட்டை வெள்ளை மாத்திரையும் வைத்திருப்பார். எதற்கு என்று கேட்டால் வயசாகுது என்பார்.

நாலு மணிக்கு லிப்ட் என் மாடியில் வந்து நின்றது. காலடியில் அட்டைப்பெட்டி இருந்தது. நான் அன்றைக்குப் பெரிய கோப்பையாகப் பார்த்து எடுத்து, பாலைச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தேன். இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி. ஐ'ம் ஃபைன்."

"குடிச்சிட்டுத்தானேண்ணே ஃபைன்னு சொல்லுவீங்க? இன்னைக்கு என்ன முன்னாடியே?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கு டீ ஒத்துக்காதும்மா. சின்ன வயசுலேர்ந்தே. ஒரு வாய் குடிச்சா ராத்திரி வரைக்கும் நெஞ்சு எரியும். அந்த நீல டைக்காரரு டீ ஒண்ணோட போயிரும்னு நினைச்சேன். நீ மறுநாளும் கொண்டாந்த."

நான் நீட்டிய கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம். ஒரு நாள் தவறாமல், கடவுள் சாட்சியாக.

"ஒன்பது வருஷமாண்ணே? ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?"

அவர் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கீழே போகும் பொத்தானை அழுத்தினார். கதவு சாத்திக்கொள்ளும்போது சொன்னார்:

"தினம்தான் சொன்னேனே தங்கச்சி, ஃபைன்னு."